எருக்குழி மேல் ஒரு விளக்கு

எங்கள் ஆயாவுக்கு இடதுகைப் பழக்கம். சோறு மட்டும் வலதுகையால்தான் சாப்பிடும். சின்ன வயதில் அடித்துத் திருத்தியிருப்பார்கள். சுவர் மெழுகும்போது அந்தக் கையை யாராலும் திருத்த முடியவில்லை. புரட்டாசி முடிவதற்குள் செம்மண்ணைச் சலித்து, சாணியோடு குழைத்து, மழைக்கு முன்னால் வெளிச்சுவருக்கு ஒரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். உள்ளங்கை நிறைய மண்ணை அள்ளிச் சுவரில் அப்பி ஒரே இழுப்பில் வழிக்கும்போது, நான்கு விரலும் ஈரத்தில் வில் போல ஒரு தடம் விட்டுப் போகும். காய்ந்து வெடித்தாலும் அந்தத் தடம் மறையாது. தெருவில் மற்ற சுவர்களில் எல்லாம் அந்த வில் ஒரு பக்கம் வளைந்திருக்கும். எங்கள் சுவரில் மறுபக்கம். வழி கேட்டு வருகிறவர்களிடம், "கை மாத்தி மெழுவுன வூடு, போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்புவார்கள். கதவு எண்ணெல்லாம் அப்புறம் வந்தது.

ரிஷிவந்தியத்துக்கு வெளியூரில் தெரிந்த முகவரி அர்த்தநாரீசுவரர் கோயில். ரிஷிகள் வந்து வணங்கிய ஊர் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் ஆகும்போது அம்மையும் அப்பனும் ஒன்றான திருமேனி அதில் தெரியும் என்பது நம்பிக்கை. மேற்கே கல்வராயன் மலை. சுற்றிலும் கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது எங்கள் ஒன்றியமும் அதோடு வந்தது.

ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் சேர்த்துப் பழந்தமிழர் கூதிர்காலம் என்றார்கள். குளிர்நாடுகளில் இதே நாட்களில் இலை பழுத்து உதிர்கிறது. அங்கே வாசற்படியில் பூசணிக்காய் அடுக்குகிறார்கள், காய்ந்த சோளக்கதிரைக் கதவில் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை உறவெல்லாம் ஒரு மேசையில் கூடுகிறது. விளைச்சல் வீடு வந்து சேர்ந்ததைக் கொண்டாடும் அலங்காரம் அது. எங்கள் பெரிய வெள்ளாமை இரண்டும் கூதிரில் வீடு வந்திருக்காது. சம்பா பச்சையாக நிற்கும், கரும்பு ஆலைக்குப் போகக் காத்திருக்கும், வானம் மூடிக்கிடக்கும். அதனால் எங்கள் ஊர் அலங்காரம் மழையிலிருந்துதான் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக்கு வீட்டைத் தயார் செய்வதுதான் முதல் வேலை. அழகு அதன் மேல் ஏறி உட்காரும்.

கூரைக்குக் கரும்புச் சோகை. வெட்டு முடிந்த கொல்லையிலிருந்து கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்தது ஆவணியில் கூரை ஏறும். தரைக்குச் சாணி, சுவருக்குச் செம்மண். வெள்ளையடிப்பு பொங்கலுக்குத்தான், மழைக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்து வழியவிட யாருக்கும் மனசு வராது. எல்லா வீட்டிலும் பொருள் ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கியது என்று பார்த்தால் ஒரு காவிக்கட்டி இருக்கும். ஆனாலும் இரண்டு வீடு ஒன்றுபோல் இருந்ததில்லை. ஒருவர் திண்ணை விளிம்பில் காவியை இரண்டு விரல் அகலத்துக்கு இழுப்பார், இன்னொருவர் நான்கு விரல். அடுத்த வீட்டு அத்தை, மழை மாதத்தில் வாசலில் கோலம் நிற்காது என்று அரிசியை அரைத்துக் கரைத்துத் திண்ணையிலும் நடையிலும் இழைக்கோலம் போடுவார். ஒரு மூலையில் மட்டும் இழையைச் சேர்க்காமல் விட்டுவிடுவார். கோலத்தை மூடாமல் விடக்கூடாது என்று மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள்.

"வர்றவங்களுக்கு வழி வேணாமா?" என்றார் அத்தை. கடைசி வரைக்கும் அப்படியே போட்டார்.

இந்த மூலையையும் ஆயாவின் வில்லையும்தான் நான் அலங்காரம் என்று இத்தனை நாளாக நினைவில் வைத்திருக்கிறேன். செய்தே ஆக வேண்டியதைச் செய்து முடித்த பிறகு, யாரும் கேட்காமல் தானாக வந்து சேர்ந்த ஒன்று அது.

பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடை இந்தக் கூதிரைப் பாடுவது. மழை மூடிய நாளில் பொழுது தெரியவில்லை. பிச்சியரும்பு அவிழ்ந்து மணந்ததை வைத்து மாலை வந்துவிட்டதை அறிகிற பெண்கள், இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். அந்தப் பாட்டைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் வீட்டு மாடக்குழியில் ஆயா விளக்கை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சிட்டிகை நெல் போடும். ஏன் என்று அதற்கும் தெரியாது. அதன் ஆயா போட்டது, அது போட்டது.

ஆயுத பூசை எங்கள் தெருவில் ஒரு காலைப்பொழுது வேலை. ஏர், மண்வெட்டி, களைக்கொத்து எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தால் முடிந்தது. கொலு குடியானவர் வீடுகளுக்கு வந்ததில்லை. இன்று ஏர் இருந்த இடத்தில் டிராக்டரும் மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரமும் பிள்ளைகளின் மடிக்கணினியும் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கின்றன.

விருந்து என்றால் நோம்பு. பஞ்சாங்கம் அதைக் கேதார கௌரி நோன்பு என்று சொல்லும். தீபாவளியை ஒட்டிய அமாவாசையில் எடுப்பது. பெண் பார்க்கும்போதே "உங்களுக்கு நோம்பு உண்டா?" என்று கேட்பார்கள், இல்லாத வீட்டிலிருந்து வருகிறவளுக்குப் பாகு பதம் தெரியாதே என்ற கவலை. அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21, மஞ்சள் 21 என்று எண்ணி முறத்தில் அடுக்கிப் படைத்து, நோம்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும்.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் ஒட்டுகிற ஈரம் இருக்கும்போதே உரலில் இடித்துச் சலிப்பார்கள். வெல்லம் பக்கத்து ஆலைக்கொட்டகையில் காய்ச்சியது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும். இளகலாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றிவிட்டால் கல். சுக்கும் ஏலக்காயும் எள்ளும் போட்டுப் பிசைந்து, பானையில் மூடி வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துச் சுடுவார்கள். ஆயா வாழையிலைத் துண்டில் தட்டும்போது கட்டைவிரலால் நடுவில் ஒரு அழுத்து அழுத்தும். அதனால் எங்கள் அதிரசத்துக்கு நடுவில் ஒரு குழி இருக்கும், அங்கே மட்டும் மொறுமொறுப்பாக இருக்கும். நோம்பு இல்லாத வீடுகளுக்கு நோம்பு உள்ள வீடுகளிலிருந்து தட்டு போகும். பத்து வீட்டு அதிரசம் ஒரே பாத்திரத்தில் கலந்து கிடந்தாலும் எது யார் கை என்று பிள்ளைகள் பிரித்து எடுத்துவிடுவோம்.

விருந்தாளிகள் வந்தால் நாலு நாளுக்குக் குறையாமல் தங்குவார்கள். தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லியும் கறிக்குழம்பும். இட்லியே அன்றைக்குப் பண்டிகைச் சோறுதான். நோம்பு வீட்டில் நோம்பு முடியும் வரை கறி அடுப்பேறாது, அதனால் வந்தவர்கள் அதற்காகவும் காத்திருப்பார்கள். ஆண்கள் திண்ணையில். பெண்கள் புகையில். முதல்நாள் இரவு முழுக்க உரலில் இடித்த கை, மறுநாள் இருபது பேருக்கு மாவாட்டும். ஐப்பசி ஈரத்தில் சாணியிலும் மண்ணிலும் ஊறி ஆயாவின் உள்ளங்கை கோடுகோடாக வெடித்திருக்கும். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுக்கும்.

அந்தத் திண்ணை ஊருக்கே திறந்து கிடந்தது என்று இப்போது பலர் ஆசையாக எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் அப்படி இல்லை. காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு அதிரசம் உண்டு, திண்ணை கிடையாது. கொல்லைப்புறம் நின்று முந்தானையில் வாங்கிக்கொண்டு போவார்கள். மெழுகிய திண்ணையும் காவிப்பட்டையும் நினைவுக்கு வரும்போதெல்லாம், அவர்கள் நின்ற இடமும் சேர்ந்தே வருகிறது. எனக்கு அது வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டு மேற்குச் சுவர் ஒரு கார்த்திகை மழையில் இரவோடு இரவாக உட்கார்ந்துவிட்டது. ஆயா அடுத்த அறையில் படுத்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மண்சுவருக்காக வாதாடவில்லை. கூரை ஒழுகுகிற ராத்திரியில் ஏனம் மாற்றி ஏனம் வைத்து விழித்திருந்தவர்களுக்கு, காங்கிரீட் தளம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும். 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011-ல் 300 சதுர அடியில், சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளோடு பசுமை வீடுகள் வந்தன. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, அரசு கொடுத்தது 3.5 லட்சம் ரூபாய். கையில் இருந்ததைப் போட்டு, கடன் வாங்கி, முன்னால் ஒரு போர்ட்டிகோ இறக்கி, ஒவ்வொருவராகச் சுவரை மாற்றினார்கள்.

வீட்டைவிடப் பெரிய மாற்றம் பெண்கள் கைக்குக் காசு வந்தது என்றுதான் நான் சொல்வேன். நூறு நாள் வேலை தமிழ்நாட்டில் முதலில் வந்த மாவட்டங்களில் பழைய விழுப்புரமும் ஒன்று. 2006 பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தது, மாதம் 1,000 ரூபாய். விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் 2011-க்குப் பிறகு வந்தன. உரல் கொல்லைக்குப் போனது. தீபாவளிச் சீட்டு கட்டுவது, மாதாமாதம் கட்டி ஐப்பசியில் இனிப்பும் பட்டாசும் புடவையும் எடுப்பது, எல்லாம் பெண்கள் கணக்கு. தன் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று தானே முடிவு செய்து தானே காசு கொடுக்கிற நிலைமை ஆயாவுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

புது வீட்டின் வரைபடத்தில் மாடக்குழி இல்லை. மேஸ்திரியிடம் கேட்டால், சுவரைக் கொத்தினால் பலம் போய்விடும் என்பார். திண்ணையும் இல்லை. அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நாற்காலியை யாருக்கும் எடுத்துப் போடலாம். எடுத்துப் போடத்தான் மனசு வேண்டும். வசதி வந்த வீடுகளில் நிலைவாசலுக்குக் கள்ளக்குறிச்சி மரவேலை ஏறியிருக்கிறது. 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்த மரச்சிற்பக் கலை அது. சாமி சிலை செதுக்கிய உளி இப்போது பூசையறைக் கதவிலும் கஜலட்சுமி செதுக்குகிறது.

வாங்குவதற்குப் பொருள் இல்லாத காலம் போய், எதை வாங்குவது என்று தெரியாத காலம் வந்திருக்கிறது. மீஷோ செயலியில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், வாடாத சாமந்திச் சரம், ஒட்டுக் கோலம், தண்ணீர் ஊற்றினால் எரிகிற அகல். சீரியல் பல்பு இல்லாத வீடு தெருவில் இல்லை. முதல் ஐந்தாறு வருடம் எல்லா வீடும் ஒன்றுபோலவே மின்னியது உண்மை. எனக்கு அப்போது மனசு ஆறவில்லை. ஆனால் ஒரு புதுப்பொருள் ஊருக்குப் பழகி, அதில் ஊரின் கை படிவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்பதை அண்ணன் மகள்தான் எனக்குக் காட்டினாள்.

அவள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். ஒரு வருடம் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறித் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தாள். அந்த வருடம் மக்காச்சோளம் முன்னதாகவே உடைத்துக் களத்தில் கிடந்தது. கதிரை உரித்த மேல்தோல் மூலையில் குவிந்திருந்தது. உள்பக்கத்து வெளுத்த தோலாகப் பார்த்துப் பொறுக்கினாள். மேலே முரடாக இருக்கும் தோல் மடங்காது, உடையும்; உள்ளே இருப்பது பழைய காகிதம் மாதிரி இருக்கும். தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பாதியை மஞ்சள் கரைசலிலும் பாதியைக் காவியிலும் நனைத்து எடுத்தாள். ஈரமாக இருக்கும்போதே விரலில் சுற்றி, அடியை நூலால் இறுக்கி, மேலே இதழ் இதழாகக் கிழித்து விரித்தாள். ஒரு கைப்பிடி தோலில் நாலு பூ. காய்ந்ததும் இதழ் தானாக உள்பக்கம் சுருண்டு, நிஜப் பூ மாதிரி நின்றது. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அண்ணியும் உட்கார்ந்து கட்டினார். மறுநாள் காலையில் போர்ட்டிகோ முழுக்க மக்காச்சோளப் பூத்தோரணம்.

"எங்க பாத்த இத?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுல கதவுல வளையமா கட்டறாங்க சித்தப்பா, போன்ல பாத்தேன். நமக்கு வளையம் எதுக்கு? தோரணமா கட்டிட்டேன். கொல்லையிலதான் கெடக்குதே" என்றாள்.

அடுத்த தீபாவளிக்கு அதே தெருவில் மூன்று வீட்டில் சோளப்பூ பார்த்தேன். ஒரு வீட்டில் நடுவில் குன்றிமணி ஒட்டியிருந்தார்கள்.

விருந்தும் சுருங்கித்தான் இருக்கிறது. காலையில் பைக்கில் வந்து மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். மாவு அரைவை மில்லில் இடிபடுகிறது, அதிரசத்தைப் பாதிப் பேர் வாங்கியே படைக்கிறார்கள். படைப்பதற்கு 21 மட்டும் வீட்டில் சுட்டு, கொடுப்பதற்குக் கடையில் வாங்குகிறவர்களும் உண்டு. அம்மா இன்னும் சுடுகிறார். நடுவில் கட்டைவிரல் அழுத்துகிறார். அண்ணி அழுத்துவதில்லை, அவர் பிறந்த வீட்டு அதிரசம் தட்டையானது. ஒரே சட்டியில் இரண்டு மாதிரியும் பொரிகின்றன.

கார்த்திகைதான் எனக்கு உயிர். திருவண்ணாமலையில் 2,668 அடி உச்சியில் மாலை 6 மணிக்குத் தீபம் ஏறியதும் வீட்டு விளக்குகளை ஏற்ற வேண்டும். முன்பு அந்தப் பொழுதை ஆயா வானத்தைப் பார்த்துச் சொல்லும். இப்போது தொலைக்காட்சி நேரலையில் கொப்பரை பற்றிக்கொண்ட நொடியில் தெரு முழுக்க ஒரே நேரத்தில் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்கிறது.

விளக்கு வைக்கிற இடங்களை நான் சின்ன வயதிலிருந்து கவனித்து வருகிறேன். நிலைவாசலில் இரண்டு, மாடத்தில் ஒன்று. அதற்கப்புறம்தான் அந்தந்த வீட்டின் மனசு தெரியும். ஆயா தட்டில் அகல்களை எடுத்துக்கொண்டு உரலுக்கு ஒன்று, அம்மிக்கு ஒன்று, நெல் குதிருக்கு ஒன்று, மாட்டுக் கொட்டாய்க்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போகும். எதை நம்பி அந்த வீடு பிழைத்ததோ அதற்கெல்லாம் வெளிச்சம். போன கார்த்திகையில் அண்ணி வைத்த இடங்களை எண்ணினேன். போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே ஒன்று, தண்ணீர்த் தொட்டி மூடி மேல் ஒன்று, அண்ணனின் வண்டிக்கு முன்னால் ஒன்று, மகள் படிக்கும் மேசை ஜன்னலில் ஒன்று. உரல் கொல்லையில் மழைநீர் நிரம்பிக் கிடந்தது; அதன் விளிம்பிலும் ஒன்று. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

மாவலியும் திரும்பி வந்திருக்கிறது. ஆண் பனையின் பூக்காம்பைக் காயவைத்து, குழியில் போட்டு எரித்து, கனல் இருக்கும்போதே மண் போட்டு மூடிக் கரியாக்கி, அதைப் பொடித்துப் பழந்துணியில் நீளமாகச் சுருட்டுவோம். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து அதன் நடுவில் வைத்து இறுக்கிக் கட்டி, நுனியில் நெருப்பு வைத்துக் கயிற்றில் சுழற்றினால் தலையைச் சுற்றி ஒரு பொறிவட்டம். நடுவில் பல வருடம் பட்டாசு அதை விழுங்கிவிட்டது. பனை மேல் அக்கறை கொண்ட இளைஞர்கள் மறுபடி செய்கிறார்கள், நகரங்களில் விற்கிறார்கள்கூட. எங்கள் ஊரில் பையன்கள் அதைச் சுழற்றிப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் வைக்கிறார்கள். வைக்கட்டும். சுழற்றிய தோள் வலிக்கும், பொறி பட்டுச் சட்டையில் ஓட்டை விழும். அது படத்தில் வராது, அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் குப்பைக் கார்த்திகை. அன்றைக்கு எருக்குழிக்கு விளக்கு. வீடு கூட்டிப் பெருக்கியதும் மாட்டுச் சாணமும் சாம்பலும் எல்லாம் போய்ச் சேர்ந்து, வயலுக்கு எருவாகத் திரும்பி வருகிற இடம் அது. ஆயா எருக்குழி மேட்டில் ஓர் அகலை வைத்து, அதற்கும் ஒரு சிட்டிகை நெல் போட்டு, கும்பிட்டுவிட்டு வரும். நாற்றமடிக்கிற இடத்துக்கு ஏன் கும்பிடு என்று கேட்டு நான் குட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் எருக்குழியைத் தூர்த்து அதன் மேல் கழிப்பறை கட்டியாகிவிட்டது. மாடும் இல்லை. குப்பை இப்போது பேட்டரி வண்டியில் போகிறது. மக்குவது ஒரு தொட்டி, மக்காதது ஒரு தொட்டி. தூய்மைக் காவலர் அம்மா காலையில் விசில் ஊதிக்கொண்டு வருவார். அவருக்குக் காலனியில் வீடு. போன வருடம் குப்பைக் கார்த்திகை அன்று எங்கள் அம்மா விளக்குத் தட்டோடு கொல்லையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். தூர்த்த இடத்தில் வைக்கலாமா, சுவரோரம் வைக்கலாமா என்று பார்த்தார். பிறகு முன்வாசலுக்கு வந்து, கேட்டுக்கு உள்ளே இரண்டு குப்பைத் தொட்டிகளும் நிற்கிற இடத்தில் அகலை வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை வண்டி வந்தபோது அந்த அகல் அணைந்து, திரி கருகி, அப்படியே இருந்தது. பக்கத்தில் நாலைந்து நெல்மணி. அந்த அம்மா குனிந்து தொட்டியை எடுக்கப் போனவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னா பெரிம்மா, இங்க வெளக்கு வச்சிருக்கீங்க?"

"நேத்து குப்பக் கார்த்திகம்மா. வேற எங்க வைக்கறது?"

அம்மா உள்ளே திரும்பி அண்ணியைக் கூப்பிட்டு, போர்ட்டிகோவில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அந்த அம்மா கையுறையைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, குழாயில் கை கழுவிவிட்டு வந்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தட்டில் பொரி உருண்டை இரண்டு, டம்ளரில் டீ.

"நல்லா சாஞ்சி உக்காரும்மா" என்றார் அம்மா.